நாலு நாற்காலியா, ஒரே தாளா, பவுன்ஸா?

எங்கள் பப் க்விஸ் லீக்கில் எட்டு அணிகள். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பப் சொந்தக் களம். செவ்வாய் இரவு எட்டரைக்கு ஆட்டம் தொடங்கும். அடுத்த சீசனிலிருந்து ஆட்ட முறையை மாற்றலாமா என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்துவிடலாம் என்கிறது ஒரு கோஷ்டி. இப்போதிருக்கும் நாற்காலி முறையே, அதாவது ஆளாளுக்குத் தனித்தனிக் கேள்வி கேட்பதே போதும் என்கிறது இன்னொன்று. நான் சென்னையில் கல்லூரி க்விஸ்களில் வளர்ந்தவன் என்பதால், "உங்க ஊர்ல எப்படி நடத்துவீங்க?" என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். தாள், நாற்காலி, எங்கள் ஊர் பவுன்ஸ் என்று மூன்று முறையிலும் ஆடித் தோற்றிருக்கிறேன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் தாள். பப் க்விஸ் என்றதும் பெரும்பாலானோர் நினைப்பது இதைத்தான். ஒரு மேசைக்கு நாலிலிருந்து ஆறு பேர், ஆளுக்கு ஓரிரு பவுண்டு கட்டணம். க்விஸ் மாஸ்டர் மைக்கில் கேள்வி வாசிப்பார், நீங்கள் குசுகுசுவென்று பேசி எழுதுவீர்கள். நடுவில் படங்களைப் பார்த்து விடை எழுதும் ஒரு சுற்று. கடைசியில் பக்கத்து மேசையோடு தாளை மாற்றித் திருத்துவது. பிரிட்டனில் இது இவ்வளவு பரவியதற்கு ஷரோன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர் 1970-களில் பப்களுக்குக் கேள்விகள் தயாரித்துக் கொடுக்கத் தொடங்கியது ஒரு பெரிய காரணம். பப்காரருக்கு இதில் என்ன லாபம் என்றால், ஈயோட்டும் வார நாள் இரவில் நாற்பது பேர் வந்து உட்கார்ந்து மூன்று மணி நேரம் குடிப்பார்கள்.

தாளின் பெரிய பலம் நியாயம். எல்லாருக்கும் ஒரே கேள்வி என்பதால் 'எனக்குக் கஷ்டமானது வந்தது' என்று யாரும் புலம்ப முடியாது. பலவீனம் என்று எல்லாரும் முதலில் சொல்வது கழிவறையில் திறக்கப்படும் கைபேசியை. எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு: மேசையில் யார் குரல் உரக்க ஒலிக்கிறதோ, அவர் சொல்வதே தாளில் ஏறும்.

எங்கள் அணியில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு தாள் க்விஸுக்குப் போயிருந்தோம். 'தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளும் நேரம், சூரியனைச் சுற்றும் நேரத்தைவிட அதிகமாக உள்ள கோள் எது?' என்று கேள்வி. அவர் பியர் கோப்பைக்குள்ளேயே "வீனஸ்" என்றார். பேனா வைத்திருந்தவர் "மெர்குரி, சந்தேகமே இல்லை" என்று எழுதிவிட்டார். வெள்ளி தன்னைச் சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். புதனுக்கு அது 59, 88. திருத்தும்போது டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை, கிரிஸ்ப்ஸ் பாக்கெட்டை மட்டும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

அதே மனிதர் செவ்வாய்க்கிழமை லீக்கில் வேறு ஆள். ஏனென்றால் அங்கே நாற்காலி இருக்கிறது. இரண்டு அணிகள் எதிரெதிரே, பக்கத்துக்கு நாலு பேர், ஒன்று முதல் நாலு வரை இடம். டாஸ் வென்றவர் முதலில் ஆடுவதா இரண்டாவதா என்று முடிவு செய்வார். கேள்வி அணிக்கு வராது, ஆளுக்கு வரும். அவரே சொன்னால் இரண்டு புள்ளி. தவறினால் எதிரணிக்குப் போகும், அவர்கள் கூடிப் பேசிச் சொன்னால் போனஸ் ஒன்று. விதிகள் லீக்குக்கு லீக் மாறும். சில இடங்களில் சொந்த அணியோடு கலந்து பேசி ஒரு புள்ளி வாங்கும் வழியும் உண்டு. எங்கும் மாறாதது, உங்கள் முறை வரும்போது நீங்களாகக் கேட்காதவரை மற்ற மூவரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது. பஸ் டிரைவர்தான் எங்கள் நாலாவது நாற்காலி. கடைசி நாற்காலியில் நிதானமானவரை உட்காரவைப்பது எங்கள் வழக்கம்.

கைபேசித் தொல்லையும் இங்கே கிடையாது. எட்டுப் பேர் முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது எவன் பையில் கை விடுவான்? நடுவில் இடைவேளை விட்டு, சொந்தக் களத்து பப் சான்ட்விச் தட்டு ஒன்றை மேசையில் வைக்கும். சில பப்களில் சிப்ஸும் வரும். அந்த அணிகளோடு ஆடப் போகும் வாரத்தில் வருகை முழுசாக இருக்கும்.

ஆனால் இந்த முறையின் பாவமும் அந்த நாற்காலிதான். போன மாதம் எதிரணியின் மூன்றாவது நாற்காலிக்கு ஒரு கேள்வி வந்தது: 'கேட்டமரான் என்ற படகின் பெயர் எந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது?' அறையிலிருந்த ஒரே தமிழன் நான், எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மா யோசித்து யோசித்து "மலாய்" என்றார். எங்களுக்கு வந்து, நான் கட்டுமரம் என்று பிரித்து விளக்கி, ஒரே ஒரு புள்ளி. அடுத்தது என் நாற்காலிக்கு: 'லான்ஸ்டேல் பெல்ட் எந்த விளையாட்டுக்குத் தரப்படுவது?' இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும் போல. நான் மல்யுத்தம் என்றேன். குத்துச்சண்டை.

அதனால்தான் லீக்குக்குக் கேள்வி எழுதுவது தாளுக்கு எழுதுவதைவிடக் கடினம். இரண்டிரண்டாகச் சமன் செய்து எழுத வேண்டும். முதல் அணியின் ஒன்றாம் நாற்காலிக்கு ஒரு தலைநகரம் என்றால், எதிரணியின் ஒன்றாம் நாற்காலிக்கும் அதே கஷ்டத்தில் ஒரு தலைநகரம். ஒருவருக்குக் கான்பெரா, மற்றவருக்கு ஊவாகடூகூ என்று கொடுத்தால் ஆட்டம் அங்கேயே கெட்டது. கேட்டமரான் கேள்விக்குச் சரியான ஜோடி எதுவாக இருந்திருக்கும்? சுருட்டிலிருந்து வந்த 'செரூட்' இருந்திருக்கலாம். அந்த ராத்திரி வந்ததோ குத்துச்சண்டை.

இன்னொரு வம்பும் உண்டு. ஒரே கேள்விக் கட்டு அன்றிரவு எல்லா பப்களிலும் ஒரே நேரத்தில் வாசிக்கப்படுவதால், 'தாளில் இருக்கும் விடையே இறுதி' என்று எங்கள் லீக்கில் ஒரு விதி. உலகின் நீளமான ரயில் நடைமேடை எங்கே என்று கேட்டார்கள். நான் "ஹூப்ளி" என்றேன். தாளில் கோரக்பூர். ஹூப்ளியின் 1507 மீட்டர் நடைமேடை 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதுவரை சுமார் 1366 மீட்டரோடு கோரக்பூர்தான் முதலிடம். 2013-க்கு முந்தைய புத்தகத்தைப் புரட்டியிருந்தால் காரக்பூர் என்று வந்திருக்கும். அதற்கு இது தேவலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வாசித்தவர் நல்ல மனிதர், "புரிகிறது, ஆனால் விதி விதிதான்" என்றார். எதிரணி கோரக்பூர் சொல்லி போனஸையும் வாங்கிக்கொண்டது.

எங்கள் ஊராக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே சண்டை வெடித்து, க்விஸ் மாஸ்டர் கைபேசியில் தேடிப் பார்த்து, புள்ளியைக் கொடுத்திருப்பார். அதற்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம்.

சரி, அந்த மூன்றாவது முறைக்கு வருவோம். இந்தியாவில் 'ஓப்பன் க்விஸ்', அதாவது யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளும் க்விஸ், என்பது 1967-ல் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் ஒரு தேவாலய மண்டபத்தில் நடத்தியதிலிருந்து கணக்காகிறது. பெங்களூரில் 1983-ல் தொடங்கிய கர்நாடகா க்விஸ் அசோசியேஷன் போன்ற அமைப்புகள் அதைத் தனிக் கலையாகவே வளர்த்துவிட்டன. முதலில் எழுத்துச் சுற்று, அதில் தேறும் ஆறு அல்லது எட்டு அணிகள் மேடைக்கு. அங்கே பவுன்ஸ்: ஓர் அணிக்குத் தெரியாத கேள்வி அடுத்த அணிக்குப் போகும், அவர்களுக்கும் தெரியாவிட்டால் அதற்கடுத்த அணிக்கு. சொன்ன அணியைத் தாண்டி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அடுத்த கேள்வி நேரடியாக வரும். இதோடு இன்னொன்று: முறை வரும்வரை காத்திராமல் ரகசியமாக எழுதிக் கொடுத்துவிடலாம். சரி என்றால் புள்ளி, தவறு என்றால் கழித்தல். ஆங்கிலத்தில் முன்னது bounce, இது pounce. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது என்பதால் இதைப் பாய்ச்சல் என்று வைத்துக்கொள்கிறேன்.

பாய்ச்சல் இருப்பதால் நாற்காலி அதிர்ஷ்டம் பெருமளவு அடிபட்டுப்போகிறது. கட்டுமரக் கேள்வி யாருக்கு வந்தாலும் நான் எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் இந்த முறையின் உண்மையான அழகு கேள்வியில் இருக்கிறது. தெரிந்ததைக் கக்குவதில்லை, அவிழ்ப்பது. ஒன்றைக் காட்டுகிறேன். தாளில் இப்படி இருக்கும்: 'மல்லிகடானி சூப்பின் பெயர் எந்த மொழி?' தெரிந்தால் தெரியும், இல்லாவிட்டால் இல்லை. அதையே எங்கள் பாணியில் எழுதினால்:

'வெள்ளைக்காரர் ஆட்சியில் வங்காளத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயருக்கு "குய்-ஹை" என்று பட்டப்பெயர், "யாரடா அங்கே" என்று வேலைக்காரரைக் கூப்பிட்டதிலிருந்து. பம்பாய்க்காரர்களுக்கு "டக்ஸ்", அங்கே கிடைக்கும் ஒரு மீனிலிருந்து. சென்னைக்காரர்களை "மல்ஸ்" என்றார்கள். எதன் சுருக்கம்?'

விடை அதே மல்லிகடானிதான், அதாவது நம் மிளகுத்தண்ணீர். ஆனால் பட்டப்பெயர் கதை யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மீன் வந்துவிட்டதே, சாப்பாட்டுச் சமாச்சாரம் போலிருக்கிறது, சென்னை, மல்... என்று நாலு பேர் தட்டுத் தடுமாறிப் போய்ச் சேரலாம். சேர்ந்ததும் மேசையில் ஓர் அடி விழும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இருபது வருஷமாக இந்தப் பைத்தியத்தில் இருக்கிறேன்.

அப்படியானால் அதையே இங்கே கொண்டுவரச் சொல்வேனா என்றால், மாட்டேன். நாற்பது அணி வந்து ஆறு மேடையேற, மிச்சப் பேர் வேடிக்கை பார்ப்பது ஒரு நாள் திருவிழாவுக்குச் சரி. வாராவாரம் மழையில் நனைந்து வருகிறவரை வேடிக்கை பார்க்கவைத்தால் மூன்றாவது வாரம் வரமாட்டார். பாய்ச்சலில் எழுதித் தரும் சீட்டுகளை வாங்கிச் சரிபார்க்கத் தனி ஆள் வேண்டும். அந்த மாதிரிக் கேள்வியை வாசித்து முடிக்கவே ஒரு நிமிஷம் ஆகும்.

தாள் கோஷ்டி உலக க்விஸ் சாம்பியன்ஷிப்பை உதாரணம் காட்டுகிறது. 2003-லிருந்து நடப்பது, 240 கேள்வி, எட்டுத் துறை, அதில் சிறந்த ஏழு மட்டும் கணக்கில் வரும். உலகின் சிறந்த மூளை யாருடையது என்று அளக்க அதைவிட நேர்மையான வழி இல்லை. ஆனால் அது பரீட்சை. பரீட்சை எழுத நான் பப்புக்குப் போவதில்லை.

என் ஓட்டு நாற்காலிக்குத்தான். பஸ் டிரைவரை வாய் திறக்கவைக்கும் ஒரே முறை அது. ஆனால் எட்டுச் சுற்றில் ஒன்றை மட்டும் எங்கள் பாணிக்கு விட்டுக்கொடுங்கள், அந்தச் சுற்றில் மட்டும் நாலு பேரும் கூடிப் பேசலாம் என்று கேட்டேன். கமிட்டி ஒரு மணி நேரம் பேசி, சீசனின் கடைசி ஆட்டத்தில் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தது. கேள்விகளை நான்தான் எழுத வேண்டும், ஒன்றுக்கு நாலு வரிக்கு மேல் போகக் கூடாது, சான்ட்விச் வரும் நேரம் தள்ளிப்போகக் கூடாது என்று மூன்று நிபந்தனை. எட்டு வேண்டும். இதுவரை மூன்று எழுதியிருக்கிறேன். மல்லிகடானி கேள்வி மட்டும் ஐந்து வரிக்குக் கீழே இறங்க மறுக்கிறது.