ஆல்பினோ லெப்பர்டு கெக்கோ வாங்கின அனுபவம்: குட்டி அருமை, ஆனா ஸ்ட்ரெயின் தப்பு

லெப்பர்டு கெக்கோன்னா வீட்டுல செல்லமா வளக்கற, ஒடம்புல புள்ளி இருக்கற ஒரு பல்லி. இந்த குட்டிய வாங்கி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்பத்தான் ரிவ்யூ எழுதறேன். பெட்டிய திறந்த அன்னிக்கே எழுதியிருந்தா கண்ண மூடிட்டு அஞ்சு ஸ்டார் போட்டிருப்பேன். வித்தவரு பேரு போடப்போறதில்ல, அவர திட்டறதுக்காக இத எழுதல, ஆல்பினோ மார்ஃப் (பரம்பரையா வர்ற ஒரு கலர் வகை) வாங்க நினைக்கறவங்க எத பாத்து வாங்கணும்னு தெரியணும், அதுக்குத்தான்.

முதல்ல நல்லத சொல்லிடறேன். பேக்கிங் பிரமாதம். காத்துக்கு ஓட்ட போட்ட டப்பா, உள்ள பேப்பர் டவல், வெளிய தெர்மாகோல் பெட்டி, குட்டி வந்து இறங்கினப்ப கொஞ்சம்கூட சோர்வில்ல. வால் நல்லா தடிமனா இருந்துச்சு, லெப்பர்டு கெக்கோவுக்கு கொழுப்பு சேத்து வெக்கற இடமே வால்தான், அதனால வால பாத்தாலே பாதி ஹெல்த் தெரிஞ்சுடும். விரல் நுனியில பழைய தோல் ஒட்டிக்கிட்டு இல்ல, மூணாவது நாளே பூச்சிய தொரத்தி புடிச்சு சாப்பிட ஆரம்பிச்சுடுச்சு. எத்தன நாளைக்கு ஒருக்கா சாப்பாடு குடுத்தாரு, எப்ப தோல் உரிச்சுதுன்னு ஒரு சீட்டுல எழுதியே அனுப்பியிருந்தாரு. இந்த அக்கறைய நான் எங்கயும் மறைக்க மாட்டேன்.

கலர பத்தி சொல்லணும்னா, அழகுன்னா அழகு. ஆல்பினோன்னா வெள்ளையா இருக்கும், கண்ணு செவப்பா இருக்கும்னு நிறைய பேரு நினைச்சுட்டு இருக்காங்க, முயல், எலி பாத்த பழக்கம். இதுல அப்படி கிடையாது. இந்த பல்லிக்கு மஞ்சளும் ஆரஞ்சும் தனி செல்லுல இருந்து வருது, கறுப்பு, பிரவுன் நிறத்த குடுக்கற மெலனினுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, அதனால மெலனின் கெட்டுப்போனாலும் மஞ்சள் அப்படியே நிக்கும். மெலனின்கூட முழுசா போறதில்ல, கறுப்பு வரைக்கும் போகாம பிரவுன், இளஞ்சிவப்பு, லேசான ஊதா மாதிரி ஒரு ஷேடுல நின்னுடுது. நார்மல் குட்டி பொறக்கறப்ப கறுப்பும் மஞ்சளுமா பட்ட பட்டயா இருக்கும், ஆல்பினோ குட்டிக்கு அந்த கறுப்பு பட்ட இருக்கற இடத்துல வெளிறுன பிரவுன் இருக்கும். வளர வளர பட்ட ஒடஞ்சு புள்ளியாகும், அந்த புள்ளியும் பிரவுன்தான். என்னுது வளந்தப்பறம் மஞ்சள் ஒடம்புல லேசா ஊதா கலந்த பிரவுன் புள்ளி, அவ்வளவு தெளிவா, தனித்தனியா தெரியும். ராத்திரி டார்ச் வெளிச்சம் பட்டா கண்ணு நல்ல ரோஸ் செவப்புல மின்னும். அந்த கண்ணுதான் எனக்கு மொத தடயமா இருந்திருக்கணும்.

இங்கதான் விஷயமே ஆரம்பிக்குது. லெப்பர்டு கெக்கோவுல ஆல்பினோன்னு ஒரே ஒரு மார்ஃப் கிடையாது, மூணு இருக்கு, ஒவ்வொண்ணையும் ஒரு ஸ்ட்ரெயின்னு சொல்லுவாங்க. 1996ல ரான் ட்ரெம்பர்ங்கற ப்ரீடர்கிட்ட மொதல்ல வந்தது ட்ரெம்பர், டெக்சஸ் ஆல்பினோன்னும் சொல்லுவாங்க. அடுத்த சில வருஷத்துலயே டிம் ரெயின்வாட்டர்கிட்ட ஒண்ணு, மார்க் பெல்கிட்ட ஒண்ணு, அதுதான் ரெயின்வாட்டர் (லாஸ் வேகஸ் ஆல்பினோ), பெல் (ஃப்ளோரிடா ஆல்பினோ). மூணுமே ரிசஸிவ், அதாவது அம்மாகிட்ட இருந்து ஒண்ணு அப்பாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ஜீனோட பழுதான காப்பி ரெண்டு வந்தாத்தான் வெளிய தெரியும். ஆனா மூணும் ஒரே ஜீன் இல்ல. ட்ரெம்பரையும் பெல்லையும் சேத்தா, அம்மாகிட்ட எது பழுதோ அத அப்பா நல்ல காப்பியா குடுத்துடறாரு, அப்பாகிட்ட பழுதானத அம்மா குடுத்துடறாங்க, பொறக்கற குட்டி அத்தனையும் கறுப்பு பட்டயோட நார்மலா பொறக்கும். ரெண்டு ஆல்பினோவ சேத்து ஒரு ஆல்பினோகூட வராது. கேள்விப்பட்டப்ப நானும் நம்பல, கண்ணால பாத்தப்பறம்தான் நம்புனேன்.

அவரு சீட்டுல வெறும் ஆல்பினோன்னுதான் எழுதியிருந்தாரு. கேட்டேன், எந்த ஸ்ட்ரெயின் அண்ணான்னு. ட்ரெம்பர்தான்னு வாயால சொன்னாரு. என்கிட்ட ஏற்கனவே ஒரு ட்ரெம்பர் ஆண் இருந்துச்சு, அதோட அம்மா அப்பா விவரம் எல்லாம் என்கிட்ட இருக்கு, வேற ஒரு ட்ரெம்பர் பெண்ணோட சேத்து ஆல்பினோ குட்டியும் வந்தாச்சு, அதனால அதுல சந்தேகமே இல்ல. பெண்ணு நல்லா வளந்து 50 கிராம் தாண்டற வரைக்கும் காத்திருந்து ஜோடி சேத்தேன். வழக்கம் போல ரெண்டு ரெண்டு முட்டையா வெச்சுது. 28 டிகிரியில இன்குபேட்டர்ல வெச்சு தினமும் போய் பாத்துட்டு இருந்தேன், அம்பது நாளுக்கு மேல ஆச்சு, மொத முட்ட ஒடஞ்சு தலை வெளிய வந்தப்ப பாக்கறேன், கறுப்பு பட்ட. அடுத்த நாள் ரெண்டாவது குட்டி, அதுவும் கறுப்பு பட்ட. அந்த சீசன்ல மொத்தம் ஆறு குட்டி, ஆறும் நார்மல்.

அவருக்கு போட்டோ அனுப்புனேன். பதில் மரியாதையாத்தான் வந்துச்சு, ஆனா சொன்ன காரணம் தப்பு, இன்குபேட்டர் சூடு சரியில்ல அதான் கலர் மாறிடுச்சுன்னாரு. இத நம்பி யாரும் ஏமாறக்கூடாதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன். சூடு கலர மாத்தும்ங்கறது உண்மைதான். ஆல்பினோ முட்டைய குளிர்ச்சியா வெச்சா குட்டி நல்ல அடர்த்தியான பிரவுனா வரும், சூடா வெச்சா வெளிறி மஞ்சளா வரும், ஒரே ஜோடியோட முட்டைய ரெண்டு சூட்டுல வெச்சா ரெண்டும் வேற மார்ஃபோன்னு தோணற அளவுக்கு வித்தியாசம் வரும். சூடு ஆணா பெண்ணாங்கறதயே முடிவு பண்ணும், 26, 27 டிகிரி பக்கம் பெரும்பாலும் பெண்ணு, 32 பக்கம் பெரும்பாலும் ஆணு. ஆனா எந்த சூடும் ஆல்பினோவ நார்மலா மாத்தாது. பிரவுன் கருகருன்னு அடர்த்தியா போகலாம், ஆனா நெசமான கறுப்பு வராது, கண்ணும் நார்மல் குட்டிக்கு இருக்கற மாதிரி கறுத்துப் போகாது.

வேற ஆணோட விந்து உள்ள தங்கியிருக்குமோன்னும் யோசிச்சேன், ஏன்னா பெண் கெக்கோ விந்த சேமிச்சு வெச்சு பின்னாடி முட்ட வெக்கும். ஆனா இவ என்கிட்ட வர்றப்ப கைவிரல் நீளத்துக்கு ஒரு குட்டி, அதுக்கு வாய்ப்பே இல்ல. அப்ப ஒரே பதில்தான், இவ ட்ரெம்பர் இல்ல.

அடுத்த சீசன்ல தெரிஞ்ச அக்கா ஒருத்தவங்க அவங்களோட பெல் ஆண கொஞ்ச நாளைக்கு குடுத்தாங்க. தனியா க்வாரண்டைன் வெச்சு, எல்லாம் சரியா இருக்குன்னு பாத்தப்பறம் ஜோடி சேத்தேன். நாலு குட்டி பொரிஞ்சுது, நாலும் ஆல்பினோ. அந்த ரோஸ் கண்ணு, ஊதா பிரவுன் புள்ளி எல்லாமே அப்பத்தான் ஒண்ணா சேந்து புரிஞ்சுது. பெல்லுக்குத்தான் மூணுலயும் கண்ணு நல்லா செவப்பா இருக்கும்னு சொல்லுவாங்க, ரெயின்வாட்டருக்கு ஒடம்பே இன்னும் மென்மையா ரோஸ் கலந்து இருக்கும், ட்ரெம்பருக்கு வெள்ளி மாதிரி வெளிறுன கண்ணுல இருந்து லேசான செவப்பு வரைக்கும் எப்படி வேணா இருக்கும். ஆனா இத வெச்சு மட்டும் ஸ்ட்ரெயின் முடிவு பண்ணாதீங்க, சூடும் வயசும் வேற மார்ஃப் கலப்பும் சேந்தா பெரிய பெரிய ஆளுங்களே தடுமாறுவாங்க. பரம்பரை ரெக்கார்டும், ஸ்ட்ரெயின் தெரிஞ்ச ஒண்ணோட ஜோடி சேத்து பாக்கற டெஸ்ட் ப்ரீடிங்கும்தான் நான் நம்பற வழி.

ஒரு பேரு தப்பா சொன்னதுக்கு இவ்வளவு பேசணுமான்னு சிலருக்கு தோணலாம். என்னோட அந்த ஆறு குட்டிய யோசிச்சு பாருங்க. பாக்கறதுக்கு நார்மல், உள்ள ட்ரெம்பரும் பெல்லும் ரெண்டுக்குமே ஹெட், அதாவது ஒவ்வொண்ணுலயும் பழுதான காப்பி ஒண்ணு வெளிய தெரியாம இருக்கு. இதுல ரெண்ட சேத்தா சராசரியா 16 குட்டியில 9 நார்மலா தெரியும், 3 ட்ரெம்பர், 3 பெல், 1 ரெண்டும் சேந்தது. அந்த 7 ஆல்பினோவயும் பக்கத்துல பக்கத்துல வெச்சா எது எதுன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, அத வாங்கறவங்க அவங்க இஷ்டத்துக்கு ஒரு பேரு வெச்சு விப்பாங்க, அடுத்தவங்க அத சுத்தமான ட்ரெம்பர்னு நம்பி சேப்பாங்க. ஒருக்கா கலந்தா பிரிக்கறதுக்கு தலைமுறை கணக்குல வேலை. அதனால அந்த ஆறையும் ப்ரீடிங்குக்கு குடுக்கவே இல்ல, செல்லமா வளக்கறவங்களுக்கு மட்டும், ரெண்டு ஹெட்டையும் சீட்டுல எழுதி குடுத்தேன்.

ரெண்டு மூணு ஜீன் சேந்த காம்போ மார்ஃப் வாங்கறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். ராப்டர்ங்கற பேருலயே ட்ரெம்பர் இருக்கு, ரெட் ஐ ஆல்பினோ பேட்டர்ன்லெஸ் ட்ரெம்பர் ஆரஞ்ச், அதோட எழுத்துங்கதான் அந்த பேரு. கண்ணு முழுசா ஒரே கலரா இருக்கறதுக்கு எக்லிப்ஸ்னு இன்னொரு ரிசஸிவ் ஜீன் சேந்திருக்கு. அதே எக்லிப்ஸ பெல்லோட சேத்தா ரேடார், ரெயின்வாட்டரோட சேத்தா டைஃபூன். ராப்டரையும் ரேடாரையும் சேத்தா எக்லிப்ஸ் ரெண்டு பக்கமும் இருக்கறதால குட்டிக்கு எக்லிப்ஸ் வரும், ஆல்பினோ மட்டும் காணாம போயிடும். சன்க்ளோ, ப்ளேசிங் ப்ளிசர்ட் மாதிரி பேருங்க வெறும் ஆல்பினோன்னுதான் சொல்லும், எந்த ஆல்பினோன்னு சொல்லாது, அங்க கண்டிப்பா கேளுங்க. கலர் மட்டும் பாத்து எனிக்மா, லெமன் ஃப்ராஸ்ட்ங்கற மார்ஃப் கலந்தது வாங்காதீங்கன்னும் சொல்லிடறேன், எனிக்மாவுக்கு தலை சாஞ்சு சுத்தற நரம்பு பிரச்சன இருக்கு, லெமன் ஃப்ராஸ்டுக்கு தோல் கட்டி வரும்னு 2021ல ஆராய்ச்சியே வந்துடுச்சு. அழகுக்காக ஒரு உயிர அப்படி பொறக்க வெக்கறது எனக்கு மனசு ஒப்பல.

பராமரிப்புல ஆல்பினோவுக்கு ஒரே வித்தியாசம் வெளிச்சம்தான். பிரகாசமான லைட்டுல கண்ண சுருக்கிட்டு ஒளிஞ்சுக்கும், என்னுது ஆரம்பத்துல அப்படித்தான் வெளியவே வராம இருந்துச்சு. யூவி லைட்ட கொறஞ்ச பவர்ல மாத்தி, சூடான பக்கம் ஒண்ணு குளிர்ந்த பக்கம் ஒண்ணுன்னு இருட்டான மறைவிடம் வெச்சப்பறம்தான் சாயங்காலம் தானா நடந்து வர ஆரம்பிச்சுது.

குட்டியோட ஆரோக்கியத்துக்கும் பேக்கிங்குக்கும் அஞ்சுக்கு அஞ்சு. ரெக்கார்டுக்கு ஒண்ணு. சேத்து மூணு ஸ்டார் போடறேன். பெல் குட்டிங்க வந்தப்பறம் மறுபடி அவருக்கு மெசேஜ் போட்டேன், பெத்ததுங்க எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்து சொல்றேன்னாரு, இன்னும் சொல்லல. சொன்னாருன்னா, இனி விக்கற ஒவ்வொரு குட்டி சீட்டுலயும் ஆல்பினோங்கற வார்த்தைக்கு முன்னாடி ஸ்ட்ரெயின் பேரும் எழுதுனாருன்னா, இந்த ரிவ்யூவ நானே மாத்தறேன். அவ இப்ப 70 கிராம் இருக்கா, இந்த வருஷம் முட்டைக்கு விடல, ரெஸ்ட் குடுத்திருக்கேன்.