மீனாட்சியா, கயல்விழியா, அங்கயற்கண்ணியா?

பிறந்த பெண்ணுக்கு மதுரைக்காரியின் பெயர்தான் என்று முடிவாகிவிட்டால், எந்த வடிவில் வைப்பது என்று அடுத்த வழக்கு தொடங்கும். பாட்டி மீனாட்சி என்பார். அப்பா கயல்விழி என்பார். தமிழ் படித்த சித்தப்பா ஒருவர் இருந்துவிட்டால் அங்கயற்கண்ணி என்பார். மூன்றும் ஒரே மீன்விழியைச் சொல்கிற பெயர்கள்தாம். ஆனால் கேட்பவர் மனதில் மூன்று வெவ்வேறு வீட்டுப் பெண்கள் வந்து நிற்பார்கள்.

மீனாட்சி என்றதும் கோயிலும் குங்குமமும் நினைவுக்கு வரும், கூடவே யாராவது ஒரு பாட்டியும். செட்டிநாட்டுப் பக்கம் இதுவே மீனாள், மீனா என்று வீட்டுக்கு வீடு புழங்குகிறது. அப்பத்தா பெயரை மூத்த பேத்திக்கு வைக்கும் குடும்பங்களில் ஒரு சிக்கலும் உண்டு: மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுக் கூப்பிட மாட்டார். அதனால் குழந்தைக்கு வீட்டுப் பெயர் ஒன்று தனியாக முளைக்கும், பதிவுப் பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்றாகிவிடும். பெயரை வைத்துவிட்டு யாருமே கூப்பிடவில்லை என்று பின்னால் வருந்துவது இந்த வகை வீடுகளில்தான். சுருக்கப் பெயரையும் அன்றே பேசி முடித்துவிடுவது நல்லது.

இந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்ட கேலியும் பழையதுதான். ‘உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?’, அதாவது மனைவி ஆட்சியா கணவன் ஆட்சியா என்ற கேள்வி கல்யாணத்தன்று மணமகள் மீனாட்சியைத் தேடி வராமல் இராது. கோயில் வழக்கைப் பார்த்தால், சித்திரையில் பட்டாபிஷேகம் ஆகும் அம்மனுக்கு நான்கு மாதம்தான் ஆட்சி. ஆவணி முதல் எட்டு மாதம் சொக்கநாதருக்கு. கேலி செய்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மீனாட்சி பெண்களுக்கு மட்டுமான பெயரும் அல்ல, சுந்தரம் சேர்ந்தால் ஆண் பெயர். உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் தமிழறிஞர் தெ.பொ. மீனாட்சிசுந்தரமும் அந்த வரிசை.

கயல்விழி வேறு உலகம். தனித்தமிழ் இயக்கமும் பிறகு திராவிட இயக்கமும் வடமொழிப் பெயர்களை விலக்கச் சொன்னபோது பரவிய மலர்விழி, தேன்மொழி, கனிமொழி வரிசையில் வருவது. அதனால்தான் இன்றும் இந்தப் பெயரைக் கேட்டால் ‘அப்பா தமிழ் வாத்தியாரா, கட்சிக்காரரா?’ என்று ஊகிப்பவர்கள் இருக்கிறார்கள். 2021இல் தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சரான கயல்விழி செல்வராஜ் போன்றவர்களால் அந்த ஊகத்துக்கு வலுவும் சேர்கிறது. ஆனால் இதிலொரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. மீன் பாண்டியர் கொடியிலும் உண்டு. எனவே சாமி கும்பிடாத வீடும் கிறிஸ்தவ வீடும் தயங்காமல் வைக்கலாம். மீனாட்சியில் அது முடியாது.

வெறும் ‘கயல்’ என்ற சுருக்கம் இப்போது தனிப் பெயராகவே நிற்கிறது. அந்தப் பெயரில் 2014இல் ஒரு படம் வந்தது, 2021 முதல் சன் டிவியில் ஒரு தொடரும் வந்தது. கூப்பிட நன்றாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் முதல் எழுத்து குறிலா நெடிலா என்று தெரியாது. தமிழ் தெரியாதவர் ‘காயல்’ என்றே படிப்பார்.

உண்மையான தலைவலி ழகரம். தென்மாவட்டங்களில் பலர் வாயில் ‘கயல்விளி’ ஆகும். வட இந்திய அலுவலகத்தில் ‘விஜி’ ஆகும். ஆங்கில எழுத்தில் தமிழ்நாட்டார் ழகரத்துக்கு ‘இசட் எச்’ போடுவார்கள். ஈழத்தமிழரில் பலர் ‘எல்’ போடுவார்கள். எது வேண்டுமானாலும் சரி, ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைவிட மோசமான தவறு, கயலுக்கும் விழிக்கும் நடுவே இடைவெளி விடுவது. படிவத்தை நிரப்புபவர் ‘விழி’யைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வார், விமானச் சீட்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று போகும். சேர்த்தே எழுதுங்கள்.

மீனாட்சிக்கும் இதே கதை சின்ன அளவில் உண்டு. நடுவில் ‘கே எஸ் எச்’ வந்தால் இந்தியா முழுவதும் தெரிந்த எழுத்துமுறை. ‘டி சி எச்’ வந்தால் தமிழ்நாட்டுக்காரர் என்று பார்த்ததும் தெரியும். இரண்டும் ஒன்பது எழுத்துதான், இரண்டும் சரிதான். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் மற்றொன்று என்று இருந்தால்தான் வம்பு. ஆதாரில் பெயர் திருத்த வாழ்நாளில் இரண்டே வாய்ப்பு.

அங்கயற்கண்ணி மூன்றிலும் அழகானது என்பது இந்தப் பக்கத்தின் கட்சி. கயல்விழிக்குத் தமிழ் இருக்கிறது, மீனாட்சிக்குக் கோயில் இருக்கிறது. இதற்கு இரண்டும் இருக்கின்றன. சம்பந்தர் மங்கையர்க்கரசியாரைப் புகழ்ந்து தொடங்கும் மதுரை ஆலவாய்ப் பதிகத்திலேயே அம்மனுக்கு இந்தப் பெயர் வந்துவிடுகிறது. ஈழத்தமிழர் காதில் மட்டும் வேறு நினைவும் எழும்: 1994இல் இறந்த கடற்கரும்புலி (விடுதலைப் புலிகளின் கடல் தற்கொலைப் படையாளி) ஒருவரின் இயக்கப் பெயர் இது.

நடைமுறையில் இதுதான் கடினமானதும். தமிழில் எட்டு எழுத்து, ஆங்கிலத்தில் பன்னிரண்டு. நடுவில் உள்ள ‘ற்க’வை எழுதத் தடுமாறி ‘அங்கயர்கண்ணி’ என்று எழுதிவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழிலேயே அந்தப் பிழை ஏறிவிடும். வகுப்பில் ‘கண்ணிவெடி’ என்று ஒருவனாவது கூப்பிடுவான். சுருக்கப் பெயரும் எளிதில் அமைவதில்லை. ‘அங்கு’ ஒட்டாது, ‘கண்ணி’ ஓரளவு ஒட்டும், ‘கயல்’ என்று கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அதாவது பதிவில் அங்கயற்கண்ணி, வீட்டில் கயல். இந்த ஏற்பாடு கயல்விழியைவிட ஒரு படி மேல்.

நட்சத்திர எழுத்து பார்க்கிற வீடானால் தேர்வு தானே சுருங்கிவிடும். மகத்துக்கு ம, மி, மு, மெ என்பதால் மீனாட்சி. கார்த்திகைக்கு அ, இ, உ, எ என்பதால் அங்கயற்கண்ணி. கயல்விழிக்கு மிருகசீரிடத்தின் ‘கா’வைக் குறிலாக்கிச் சமாதானம் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

மீனலோசனி என்று நான்காவதாக ஒன்றையும் சிலர் சொல்வதுண்டு. பாட்டுக்கு அழகு, வருகைப் பதிவேட்டுக்கு வேண்டாம்.

எதுவானாலும் அவசரப்பட வேண்டியதில்லை. பிறப்பைப் பெயரில்லாமலே பதிந்துவிட்டு ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை வழி உண்டு. சேர்க்கும் நாளில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாயால் சொல்லாதீர்கள். அச்சிடும் முன் திரையில் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். குறிப்பாக ‘ற்’, ‘ழி’, இடைவெளி.