பால் பசையா, வச்சிரமா, வெள்ளைப் பசையா?

கால் லிட்டர் கொழுப்பு நீக்கிய பாலைச் சுடவைத்து இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டால், வெண்திரள் ஒருபுறமும் பச்சை சாயல் கொண்ட தெளிநீர் மறுபுறமுமாகப் பால் திரிந்துவிடும். திரளைத் துணியில் வடிகட்டிக் கழுவிப் பிழிந்து, சிறிது ஆப்பச் சோடாவும் வெந்நீரும் சேர்த்துக் குழைக்கும்போது, முதலில் மணல்மணலாக இருப்பது நுரைத்து, மெல்ல இழுபடத் தொடங்கும். அதுதான் கேசீன் பசை. பசும்பாலின் புரதத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு கேசீனே. அமிலத்தில் திரளும் அது காரத்தில் கரையும் என்பதே இதன் சூட்சுமம். முழுப்பால் எடுத்தால் கொழுப்பு ஒட்டுதலைக் கெடுக்கும்.

காகித வேலைக்கு இதன் போட்டியாளர் மைதாப் பசை. காய்ச்சிய மைதா மலிவானது; பூச்சி அரிக்காதிருக்க மயில் துத்தம் சேர்த்தால் சுவரொட்டிக்கும் போதும். குழந்தைகளுக்கு வேதியியல் காட்டுவதற்கன்றி, காகிதத்துக்காகப் பாலைத் திரிப்பது வீண் என்றே சொல்வேன். ஓரிரு நாளில் வாடை வேறு வந்துவிடும்.

மரவேலையில்தான் போட்டி சுவையானது. விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் வச்சிரத்தை ஊறவைத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்கி, ஆறுவதற்குள் பூசி இறுக்கிவிட வேண்டும். கேசீன் தூளையோ குளிர்ந்த நீரில் குழைத்து நிதானமாகப் பூசலாம். ஆனால் எந்தக் காரம் சேர்த்தோம் என்பது முக்கியம்: ஆப்பச் சோடாவில் கரைத்தது காய்ந்த பின்னும் நீர் பட்டால் இளகும், நீர்த்த சுண்ணாம்பில் கரைத்தது ஈரத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் சில மணி நேரத்தில் கிண்ணத்திலேயே இறுகிவிடும். எண்ணெய்த்தன்மை கொண்ட தேக்கிலும் கேசீன் பிடிக்கும். ஓக் போன்ற துவர்ப்பு மிகுந்த மரங்களில் அதன் காரம் கறையை விட்டுச்செல்லும்.

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைக்குக் குழைக்கும் வேலையே இல்லை. நாற்காலி, அலமாரி என்றால் நானும் அதையே எடுப்பேன். எனினும் தொடர்ந்து பாரம் தாங்கும் இணைப்பில் அது மெல்ல நெகிழ்ந்துகொடுக்கும். கேசீன் விறைப்பாக நிற்கும். பலகைகளை அடுக்கி ஒட்டிய பெரிய வளைவுத் தூலங்களுக்கு 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கேசீனை நம்பியது அதனால்தான். பூஞ்சைக்கு முன் மட்டும் அது தோற்கும்: இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மர விமானமான மஸ்கிட்டோவைத் தொடக்கத்தில் கேசீனால் ஒட்டியவர்கள், பின்னர் செயற்கைப் பிசினான ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள். வயலின் போன்ற கருவிகளுக்கு வச்சிரமே சரி. பழுது வந்தால் வெப்பமும் ஈரமும் காட்டிப் பிரிக்கலாம், சுண்ணாம்புக் கேசீனில் அந்த வசதி இல்லை.

கேசீனின் குணம் முழுமையாகப் பயன்பட்ட இடம் பியர் பாட்டிலில் ஒட்டும் பெயர்த்தாள்தான். பனிக்கட்டி நீரில் முழுக வைத்தாலும் தாள் வழுக்கிக் கழன்றுவிடக் கூடாது. மாவுப் பசை அங்கே நிற்காது. அதே பாட்டில் காலியாகி ஆலைக்குத் திரும்பி, கடுங்காரமான காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் கழுவப்படும்போது, தாள் தங்காமல் உரிய வேண்டும். கேசீன் குளிர்நீரில் பிடித்துக்கொள்கிறது, காரத்தில் விட்டுவிடுகிறது.