பிராங்ஸ் 'பாத்' மையம்: படுக்கை அன்றிரவே, தகுதி பிறகு

நியூயார்க்கில் பிள்ளைகளோடு வீடிழந்த தாய் முதலில் போக வேண்டிய இடம், பிராங்ஸில் கிழக்கு 151ஆவது தெரு, 151ஆம் எண் கட்டடம்; குடும்பங்கள் நகரத் தங்குமிடத்துக்கு விண்ணப்பிக்கும் 'பாத்' மையம் அதுதான். 2, 4, 5 ரயில்களில் 149ஆவது தெரு-கிராண்ட் கான்கோர்ஸில் இறங்கி நடக்கலாம். இரவு பகல் திறந்திருக்கும். கர்ப்பிணிகளும், 21 வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர்களும் வரலாம். காத்திருப்பு நீளும்; பால், டயப்பர் கையோடு இருக்கட்டும்.

அன்றிரவே தங்க இடம் கொடுத்துவிடுவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது தற்காலிகம். தங்குமிடத்துக்குத் தகுதி உண்டா என்று 10 நாள் விசாரணை ஓடும். கடந்த 2 ஆண்டுகளில் தங்கிய ஒவ்வொரு முகவரியும், தேதியும், அங்கிருந்தவர் தொலைபேசி எண்ணும், வெளியேறிய காரணமும் வேண்டும். தோழி வீட்டு சோபாவில் கழித்த இரண்டு வாரத்தைச் சொல்லாமல் விட்டால்கூட "ஒத்துழைக்கவில்லை" என்று மறுக்கலாம். இன்னொரு மறுப்பு, "அக்கா வீடு இருக்கிறதே". இனி முடியாது என்று அக்கா எழுதிக் கொடுப்பது மட்டும் பெரும்பாலும் எடுபடாது. எத்தனை அறை, எத்தனை பேர், வீட்டுக்காரர் எச்சரித்த கடிதம் என்று கணக்காக இருக்க வேண்டும். வீடே போனவரிடம் காகிதம் கேட்கும் இந்த முறைதான் இந்தச் சேவையின் பெரிய ஓட்டை. மறுத்தால் 60 நாளுக்குள் மாநில மேல்முறையீட்டு விசாரணை கேட்கலாம், மறுபடி விண்ணப்பிக்கவும் செய்யலாம். வீட்டில் அடி உதை என்றால் முதல் மேசையிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கென்று தனிப் பிரிவு உண்டு.

'டியர் 2' என்ற வகைக் குடும்ப விடுதி கிடைத்தால் நல்லது: பெரும்பாலும் தனிக் குளியலறை, சமையலறை இருக்கும். ஓட்டல் அறை என்றால் அடுப்பு இருக்காது. கஞ்சி காய்ச்ச வழியில்லாத அறையில் மாதக்கணக்கில் குழந்தையை எப்படி வளர்ப்பது? இரவு திரும்ப நேரக் கட்டுப்பாடும் உண்டு.

பள்ளியை மாற்ற வேண்டாம்; 1987ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி பழைய பள்ளியிலேயே தொடரலாம். 6ஆம் வகுப்பு வரை பேருந்து கேட்கலாம், அது வந்து சேரச் சில நாள் பிடிக்கும்.

விடுதியிலிருந்து வெளியேற உதவுவது 'சிட்டிஃபெப்ஸ்' என்ற நகர வாடகை உதவி. குடும்பம் பொதுவாக வருமானத்தில் 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டும். விடுதியில் 90 நாள் இருந்த பிறகே கேட்கலாம் என்று முன்பிருந்த விதி 2023இல் நீங்கியது. உதவிச்சீட்டைக் காட்டியதும் வீடு தர மறுப்பது நகரச் சட்டத்துக்கு எதிரானது. ஆனாலும் மறுப்பார்கள், நகர மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுங்கள். வீடு அமைந்த பிறகும் அந்த வீட்டைப் பரிசோதிப்பார்கள். அதில் குறை கண்டால் அதைச் சரிசெய்யும்வரை பெட்டியைக் கட்ட வேண்டாம்.