ஸ்டோமா பையில் எது யாருக்குச் சரி? வீட்டில் துணையைப் பார்த்துக்கொள்பவருக்கான ஒப்பீடு

குடல் ஆபரேஷன் முடிந்து கணவரோ மனைவியோ வயிற்றில் ஸ்டோமாவோடு (மலம் வெளியேற வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்த குடல் வாய்) வீட்டுக்கு வந்ததும், ஆஸ்பத்திரியில் ஒட்டிவிட்ட பையின் பெட்டியைக் கடையில் காட்டி அதே சைஸில் மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். வேண்டாம். ஆபரேஷன் வீக்கம் வடிய வடிய ஸ்டோமா 6 முதல் 8 வாரம் வரை சுருங்கிக்கொண்டே வரும். டிஸ்சார்ஜ் அன்று 40 மி.மீ. இருந்தது 30 மி.மீ.க்கு வந்து நிற்கலாம். கட்டிலில் படுத்திருந்தபோது பொருந்திய பை, எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு பொருந்தாமலும் போகலாம். அதனால் முதல் இரண்டு மாதம் ஒரு பெட்டி தீரும்போது அடுத்த பெட்டி என்று வாங்கினால் போதும்.

எதை ஒப்பிடுவதற்கு முன்பும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, இலியாஸ்டமியா கொலாஸ்டமியா. சிறுகுடலை வெளியே எடுத்து வைத்திருந்தால் இலியாஸ்டமி. பெரும்பாலும் வலது பக்கம், தோலுக்கு மேல் இரண்டு மூன்று செ.மீ. எழும்பி இருக்கும். கஞ்சிப் பதத்தில் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். அதிலுள்ள செரிமான நீர் பட்டால் தோல் சில மணி நேரத்திலேயே வெந்துவிடும். பெருங்குடல் என்றால் கொலாஸ்டமி. பெரும்பாலும் இடது பக்கம், கொஞ்சம் தட்டையாக. மலம் கெட்டியாக, நாளுக்கு ஒன்றிரண்டு முறைதான் வரும். இரண்டாவது, இது தற்காலிகமா நிரந்தரமா. இந்த இரண்டோடு இன்னொரு கேள்வி, கடையில் யாரும் கேட்காதது: பையை மாற்றப்போவது உங்கள் கையா, அவர் கையா? கீழே சொல்லும் பல முடிவுகள் அதை வைத்துத்தான்.

ஒரு துண்டுப் பை, இரண்டு துண்டுப் பை

ஒரு துண்டுப் பையில் தோலில் ஒட்டும் பிளேட்டும் பையும் சேர்ந்தே வரும். மெல்லியது, வயிற்று மடிப்போடு வளையும், சட்டைக்கு வெளியே துருத்தாது. பூட்ட வளையம் எதுவும் இல்லை. சர்க்கரை நோயால் விரல் நுனி மரத்தவருக்கும் மூட்டுவலிக்காரருக்கும் இது பெரிய நிம்மதி. ஆனால் பையை மாற்றும்போதெல்லாம் தோலிலிருந்து உரித்தாக வேண்டும். ஒட்டும்போது பையே குறுக்கே வந்து கண்ணை மறைக்கும். துளை ஸ்டோமாவின் மேல் நேராக உட்கார்ந்ததா என்று தெரியாது. முதல் மாதம் ஒளி ஊடுருவும் பை வாங்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இதுதான்.

இரண்டு துண்டில் பிளேட்டை முதலில் ஒட்டி, அதன் வளையத்தில் பையைப் பூட்ட வேண்டும். நல்ல தோலில் பிளேட் மூன்று நான்கு நாள் நிற்கும். நடுவே பையை மட்டும் கழற்றி மாற்றலாம், காற்று நிறைந்தால் மேல் ஓரத்தைச் சற்றே திறந்து வெளியேற்றலாம். பிளேட்டை ஒட்டும்போது ஸ்டோமா கண்ணெதிரே தெரிவதால் கூட இருப்பவர் ஒட்டிவிட இதுதான் சுலபம். சங்கடம் பூட்டுவதில். தையல் ஆறாத வயிற்றில் கட்டைவிரலால் அழுத்தினால் வலிக்கும். வளையத்துக்குப் பின்னால் விரல் நுழைய இடமிருந்தால் விரலை அங்கே கொடுத்து, வயிற்றை அழுத்தாமல் பூட்டலாம். இல்லையென்றால் வெளியிலேயே பையைப் பிளேட்டில் பூட்டிவிட்டுச் சேர்த்து ஒட்டுங்கள். பூட்டியதும் வளையத்தைச் சுற்றி விரலை ஓட்டி, பையை லேசாகக் கீழே இழுத்துப் பாருங்கள். பாதி பூட்டிய பை பெரும்பாலும் தூங்கும்போதுதான் கழன்றுகொள்ளும்.

இரண்டு துண்டில் பணம் வீணாகும் இடம் ஒன்று உண்டு. வளைய அளவு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கான்வாடெக்கில் 45, 57 என்று இருக்கும். கோலோபிளாஸ்ட்டில் 40, 50, 60. ஹாலிஸ்டரில் 44, 57. எண் ஒன்றாக இருந்தாலும் ஒருவர் பிளேட்டில் இன்னொருவர் பை பூட்டும் என்று நம்பி வாங்காதீர்கள். பிளேட், பை இரண்டு பெட்டியிலும் ஒரே கம்பெனி, ஒரே வரிசை, ஒரே அளவு என்று பார்த்த பிறகு பில் போடச் சொல்லுங்கள்.

எங்கள் கணிப்பு: இலியாஸ்டமி, மாற்றிவிடுவது நீங்கள் என்றால் முதல் ஆறு வாரம் இரண்டு துண்டு. அவரே செய்துகொள்கிறார், விரலில் பலம் குறைவு என்றால் ஒரு துண்டு. கொலாஸ்டமியில் மலம் கெட்டிப்பட்ட பிறகு எது வாங்கினாலும் பெரிய வித்தியாசமில்லை.

அடியில் திறக்கும் பையா மூடிய பையா என்பதில் யோசிக்கவே வேண்டாம். இலியாஸ்டமிக்கு நாளைக்கு ஐந்தாறு முறை காலி செய்ய வேண்டியிருக்கும், திறக்கும் பைதான். மூடிய பை, நாளுக்கு ஒன்றிரண்டு முறை கெட்டியாகப் போகும் கொலாஸ்டமிக்கு. திறக்கும் பையிலும் தனிக் கிளிப் போட்டது, சுருட்டி ஒட்டுவது என்று இரண்டு வகை. கிளிப் ராத்திரி பாத்ரூமில் காணாமல் போகும். ரப்பர் பேண்ட் அதற்கு ஈடாகாது. சுருட்டி ஒட்டும் வாய் நல்லது. அதன் உள் ஓரத்தை ஒவ்வொரு முறையும் டிஷ்யூவால் துடைக்காவிட்டால் நாற்றம் அங்கிருந்துதான் வரும்.

வெட்டி வந்த துளை, நாம் வெட்டும் துளை

துளை வெட்டியே வரும் பிளேட் ஸ்டோமாவின் அளவு நிலைத்த பிறகுதான். அதுவரை வாரத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வரும் அளவு அட்டையை வைத்துப் பார்த்து, ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. பெரிதாக வெட்டுங்கள். ஸ்டோமா பெரும்பாலும் சரியான வட்டமாக இருக்காது. குடலை வளைத்து வளையமாக வெளியே எடுத்த லூப் இலியாஸ்டமி முட்டை வடிவில் இருக்கும். ஒருமுறை சரியாக வந்த வெட்டை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் வரைந்து, மேல் பக்கம் எது என்று அம்புக்குறி போட்டு வைத்துக்கொண்டால் வேலை பாதியாகும். வளைந்த சின்னக் கத்தரி போதும். வெட்டிய ஓரத்தை விரலால் தடவி மழுங்கச் செய்யுங்கள். இரண்டு துண்டு அல்லாத பையில் வெட்டும்போது பையின் முன்பக்கத்தைத் தள்ளிப் பிடிக்க மறந்தால் பையும் சேர்ந்து வெட்டுப்படும்.

மாற்றும் நேரம் காலையில், காபிக்கும் முன்னால். அப்போதுதான் வரத்து குறைவு. தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மேலிருந்து கீழாக உரியுங்கள். பையைப் பிடித்து இழுக்காதீர்கள். சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். டெட்டால், பேபி வைப்ஸ், மாய்ஸ்சரைசர் கலந்த சோப்பு எதுவும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் அன்போடு எடுத்துக்கொண்டு வரும் தேங்காய் எண்ணெயையும் அன்போடு மறுத்துவிடுங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் பிளேட் ஒட்டாது. துடைக்கும்போது ஸ்டோமாவில் துளி ரத்தம் கசிவது சாதாரணம். அதில் வலி உணர்வும் இல்லை. பிளேட் வரும் இடத்தில் முடி இருந்தால் கத்தரியாலோ டிரிம்மராலோ குறைக்கலாம். சவரக் கத்தியால் மழித்தால் முடி வேரில் கொப்புளம் வரும். தோல் முழுக்கக் காய்ந்ததும் ஒட்டி, உள்ளங்கையை இரண்டு நிமிடம் அப்படியே மேலே வைத்திருங்கள். பிளேட்டின் பசை உடல் சூட்டில்தான் பிடிக்கும்.

படுக்க வைத்து ஒட்டினால் வயிறு தட்டையாக இருக்கும், சுலபமாக இருக்கும். எழுந்து உட்கார்ந்ததும் மடிப்பு விழுந்து அந்த இடத்தில் கசியும். ஒட்டுவதற்கு முன்னால் அவரை ஒருமுறை உட்கார வைத்து மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பிளேட்டை உடனே சுருட்டி எறியாமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துளையைச் சுற்றி ஒரே சீராக மெல்லிய வளையம் வெளுத்து ஊறியிருந்தால் சரியான நேரத்தில் மாற்றியிருக்கிறீர்கள். அந்த வெளுப்பு ஓரம்வரை பரவியிருந்தால் அடுத்த முறை ஒரு நாள் முன்னதாக மாற்ற வேண்டும். ஒரு திசையில் மட்டும், கடிகாரத்தில் ஐந்து மணி பக்கம் என்று வைத்துக்கொள்வோம், வாய்க்கால் போல் கரைந்து பழுப்பு ஓடியிருந்தால் அந்த இடத்தில் மடிப்போ பள்ளமோ இருக்கிறது. தோலிலும் அதே ஐந்து மணிப் பக்கம் சிவந்திருக்கும். முழுப் பிளேட்டுக்கும் பசை கூட்டுவதற்குப் பதில் அந்த ஓர் இடத்தை நிரப்பினால் போதும். தோலில் உள்ள சிவப்பு, ஸ்டோமாவைச் சுற்றி வட்டமாக, துளையின் ஓரத்தோடு இருந்தால் வெட்டியது பெரிதாகிவிட்டது. சிவப்புக்கு வெளியே சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சிதறி அரித்தால் பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

பேஸ்ட், ரிங், பவுடர்

பெயரைக் கேட்டு பேஸ்டை ஒட்டும் பசை என்று நினைத்துவிடுகிறார்கள். அது பள்ளத்தை நிரப்பும் பூச்சு. துளை ஓரத்தில் மெல்லிய கோடாக வைத்து ஒரு நிமிடம் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். நிறைய வைத்தால் பிளேட் வழுக்கும். பெரும்பாலான பேஸ்டில் ஆல்கஹால் உண்டு. வெந்த தோலில் பட்டால் எரிச்சல் தாங்காது. ரிங் என்பது அதே பள்ளத்தை நிரப்பும் மெத்தென்ற வளையம். அதில் ஆல்கஹால் கிடையாது. கோதுமை மாவுபோல் விரலால் நீட்டி, கிழித்து, வேண்டிய இடத்தில் மட்டும் வைக்கலாம். விலை அதிகம். ஆனாலும் இலியாஸ்டமிக்கு, அதுவும் மடிப்புள்ள வயிற்றுக்கு, ரிங்குக்குக் கொடுக்கும் காசு பிளேட் மிச்சத்தில் திரும்பும். பாதி ரிங்கே போதும் என்பது பல வயிறுகளில் உண்மை.

ஸ்டோமாவுக்கென்று விற்கும் பவுடர் தினசரிச் சாமான் இல்லை. தோல் வெந்து ஈரம் கசியும்போது மட்டும் தூவி, ஈரத்தில் ஒட்டியது போக மீதியைத் தட்டிவிட வேண்டும். உலர்ந்த தோலில் போட்டால் பிளேட் பவுடர் மேல்தான் ஒட்டும்.

வெயில் காலத்தில் வியர்வையால் பிளேட் சீக்கிரம் ஊறும். நான்கு நாள் நின்றது மூன்று நாள்தான் நிற்கும். பைக்குப் பருத்தித் துணி உறை போட்டால் தோலில் வேர்க்குரு வராது. பெட்டிகளைக் காருக்குள் விட்டுவைத்தால் பசை இளகிக் கெட்டுவிடும்.

தண்ணீர், இளநீர், மோர், ஓ.ஆர்.எஸ்.

இது இலியாஸ்டமிக்காரருக்கு மட்டும். பையைவிட முக்கியமும் இதுதான், ஏனென்றால் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப்போக நீர்ச்சத்துக் குறைவு ஒரு பெரிய காரணம். முதல் சில வாரம் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக்கில் காலி செய்து நோட்டில் எழுதுங்கள். பழகிய பிறகு நாளுக்கு 500 முதல் 800 மி.லி. வந்தால் நல்லது. 1,500 மி.லி.யைத் தாண்டினால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அதிகமாகப் போகிறதே என்று வெறும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க இன்னும் அதிகமாகப் போகும். உப்பில்லாத நீர் சிறுகுடலுக்குள் போனால் உடம்பிலிருந்து சோடியம் குடலுக்குள் இறங்கி, பையில் வந்து விழும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. இழந்த உப்பை அது ஈடுகட்டாது. உப்புப் போட்ட மோர் இளநீரைவிட மேல், உப்பின் அளவுதான் கணக்கில் நிற்காது. நம்பகமானது உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படி வரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம் என்று அச்சிட்டிருக்கும். அதை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளர் டம்ளராகக் கொட்டிக் கலக்குவதில்லை. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பழ ருசியில் அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்றில்லை, சர்க்கரை கூடினால் போக்கும் கூடும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு உப்பளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டில் முதல் ஆறு வாரம் குழைந்த சாதம், தயிர், வாழைப்பழம், உருளைக்கிழங்கு, ஜவ்வரிசி இவை கெட்டிப்படுத்தும். வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்ச் சில், சோளம், காளான், பலாச்சுளை இவை திரண்டு ஸ்டோமாவின் வாயை அடைக்கும். நான்கைந்து மணி நேரமாக எதுவும் வரவில்லை, வயிறு முறுக்குகிறது, வாந்தி வருகிறது என்றால் பேதியாக வைக்கும் மருந்து கொடுத்துவிடாதீர்கள், நேரே ஆஸ்பத்திரி. ஸ்டோமா சிவப்பு மாறி கருநீலமாகவோ கறுப்பாகவோ தெரிந்தாலும் அப்படியே.

யார் மாற்றுவது?

வீட்டுக்கு வரும் நர்ஸ் முதல் இரண்டு மூன்று மாற்றத்துக்குக் கூட இருந்தால் கை பழகும். அதற்குமேல், பை கசிவது எப்போதும் நர்ஸ் இல்லாத நேரத்தில்தான். நீங்களே எல்லாம் செய்துவிடுவது வேகமாக முடியும்; ஆனால் ஆறு வாரம் கழித்தும் அவர் பையைத் தொட மாட்டார், நீங்கள் வெளியூர் போக முடியாது. நாங்கள் சொல்வது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது. முதல் வாரத்திலேயே காலி செய்வது அவர் கையில். இரண்டாம் வாரம் உரிப்பதும் துடைப்பதும் அவர், வெட்டுவதும் ஒட்டுவதும் நீங்கள். அதன்பின் கண்ணாடி முன் நின்று அவர் ஒட்ட, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், கையைக் கட்டிக்கொண்டு. உட்கார்ந்தால் தொப்பை ஸ்டோமாவின் கீழ் ஓரத்தை மறைக்கும் என்பதால்தான் நின்றுகொண்டு. பார்வையோ விரலோ ஒத்துழைக்காதவருக்கு ஒட்டும் வேலை உங்களோடே இருக்கட்டும், காலி செய்வதையாவது விட்டுக்கொடுங்கள்.

காலி செய்வதற்கு வெஸ்டர்ன் டாய்லெட் எளிது. முன்பக்கம் தண்ணீரில் ஒரு டிஷ்யூவைப் போட்டால் தெறிக்காது. இந்தியன் டாய்லெட்டில் குந்துவது தையலுக்கும் ஆகாது, பையும் தொடையில் நசுங்கும். முன்னால் குட்டை பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மக்கில் இறக்கி ஊற்றுவது நல்லது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்ய வேண்டும். பாரம் ஏறினால் பிளேட்டை இழுத்து உரித்துவிடும். பையை டாய்லெட்டில் போடக்கூடாது, காலி செய்து செய்தித்தாளில் சுற்றிக் குப்பைக்கு.

உடுப்பில் பாவாடை நாடாவும் வேட்டி பெல்ட்டும் சரியாக ஸ்டோமாவின் மேல் விழுந்தால் கீழே இறங்க வழியின்றி மலம் பிளேட்டுக்கு அடியில் புகுந்துவிடும். நாடாவை ஸ்டோமாவுக்கு மேலே ஏற்றிக் கட்டலாம். இடுப்பில் அகல எலாஸ்டிக் வைத்ததும் பரவாயில்லை. 6 முதல் 8 வாரம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் பக்கமே போகக்கூடாது, ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் வரலாம்.

படுக்கையைப் பிரிக்க வேண்டிய மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட் விரித்து, படுக்குமுன் காலி செய்து, நடுராத்திரி ஒருமுறை அலாரம் வைத்தால் போதும். தாம்பத்தியத்துக்கும் பை தடையில்லை. காலி செய்து உறை போட்டுக்கொண்டால் சரி. மலக்குடலை எடுத்த ஆபரேஷனில் அங்குள்ள நரம்புகள் பாதிக்கப்பட்டு ஆண்களுக்கு விறைப்பிலும் பெண்களுக்கு வறட்சியிலும் சிரமம் வரலாம். இதைப் பெரும்பாலும் டாக்டர் தானாகச் சொல்வதில்லை. அடுத்த செக்கப்பில் நீங்கள்தான் கேட்க வேண்டும்.