ஜேஎல்ஜிபி: யூதப் பிள்ளைகளைத் தொண்டுக்கு அழைத்து வரும் அமைப்பு

லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே தொண்டு செய்ய வரும் யூதப் பிள்ளைகளில் பலர் ஜேஎல்ஜிபி (Jewish Lads' and Girls' Brigade) என்ற யூத இளைஞர் அமைப்பு வழியாக வருபவர்கள். ஏழை யூதக் குடியேறிகளின் பையன்களுக்காக 1895-ல் கர்னல் ஆல்பர்ட் கோல்ட்ஸ்மிட் தொடங்கியது, இப்போது பெண் பிள்ளைகளும் உண்டு.

உபதேசம் பண்ணுவதோடு இவர்கள் நிற்பதில்லை, பிள்ளைகளுக்குத் தடையாக இருப்பதை முதலில் விலக்குகிறார்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிரிட்டனில் இளைஞர்களுக்குக் கொடுக்கும் எடின்பரோ கோமகன் விருதையே (Duke of Edinburgh's Award) எடுத்துக்கொள்ளுங்கள். வெண்கல விருதுக்குக் குறைந்தது 3 மாதம், வாரம் ஒரு மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும், அப்புறம் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய் ஓர் இரவு கூடாரத்தில் தங்க வேண்டும். அந்தப் பயணம் சனிக்கிழமை வந்துவிட்டால் சப்பாத் என்ற யூத ஓய்வு நாளைக் கடைப்பிடிக்கும் வீட்டுப் பிள்ளை போகவே முடியாது, அடுப்புகூடப் பற்றவைக்கக் கூடாதே. ஜேஎல்ஜிபி சப்பாத்தைத் தவிர்த்து நாள் குறிக்கிறது, சாப்பாடும் கோஷர், அதாவது யூத உணவு விதிப்படியானது.

சின்னவர்களுக்கு யோனி ஜெஸ்னர் விருது இருக்கிறது, 20 மணி நேரத் தொண்டு. யோனி கிளாஸ்கோ பையன், 2002-ல் டெல் அவிவ் பேருந்துக் குண்டுவெடிப்பில் 19 வயதில் இறந்தவர். அவருடைய சிறுநீரகம் ஒரு பாலஸ்தீனச் சிறுமிக்குப் போனது. அவர் பெயரில் ஒரு பிள்ளை 20 மணி நேரம் உழைக்கிறது என்றால் அதில் ஓர் அர்த்தம் இருக்கிறது.

சான்றிதழுக்காகச் செய்வது தொண்டா என்று கேட்பவர்கள் உண்டு. நான் பார்த்தவரை, பிள்ளையை வாசல்வரை கொண்டுவருவது சான்றிதழாகவே இருக்கட்டும், அதனால் என்ன? முதல் வாரம் சுவரோரமாக நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், கொஞ்ச நாளில் காது மந்தமான தாத்தாவுக்கு எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி மெதுவாகப் பேசி டாமினோ ஆடினான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விருதுக்கான மதிப்பீட்டில் அதைத்தான் எழுதினேன்.

ஆனால் பாதிப் பொறுப்பு பிள்ளைகளை ஏற்கும் இடத்துக்கும் உண்டு. வேறொரு இல்லத்தில் வந்த பிள்ளைகளை நாற்காலி அடுக்கவே வைத்திருந்தார்கள், அவர்கள் மறுபடி வரவில்லை. பெற்றோர்கள் சேர்க்கும் முன்னால், அங்கே பிள்ளைக்கு யாரோடு என்ன வேலை என்று நேராகக் கேட்டுவிடுங்கள், சரியான பதில் வந்தால் தாராளமாக அனுப்பலாம்.