சுடர்வீச்சா, பிளாஸ்மா வீச்சா? நம் கடலுக்கு எது கிட்ட?

இரண்டையும் சேர்த்து 'சூரியப் புயல்' என்று எழுதிவிடுகிறார்கள், ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. சூரியனின் எடையில் முக்கால்வாசிக்குக் கிட்ட ஐதரசன், மீதியில் பெரும்பங்கு ஈலியம். அந்த வாயு மின்னேற்றம் பெற்று (அதைத்தான் பிளாஸ்மா என்கிறோம்) காந்தப்புலத்தோடு பின்னிக் கிடப்பதால்தான் இரண்டுமே வெடிக்கின்றன.

சுடர்வீச்சு என்பது ஒளியும் எக்ஸ் கதிரும். 8 நிமிடத்தில் வந்துவிடும், எச்சரிக்க நேரமே இல்லை. பகல் பக்கத்துக்கு மட்டும்தான் அடி, அதுவும் சூரியன் உச்சியில் நிற்கும் இடத்தில் அதிகம். ஏப்ரலில் மட்டக்களப்புக்கு நேர்மேலே சூரியன் வரும் நாட்களில், நண்பகலில் ஒரு பெரிய சுடர் வெடித்தால், வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போன பலநாள் கலத்தின் சிற்றலை ரேடியோ கொஞ்ச நேரம், சில வேளை ஒரு மணித்தியாலத்துக்கு மேலும், ஊமையாகிவிடும்.

பிளாஸ்மா வீச்சில் கோடிக்கணக்கான தொன் பொருளே கிளம்பி வருகிறது, பெரும்பாலும் 1 முதல் 3 நாளில். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் சுமார் 9 மணித்தியாலம் மின்சாரமில்லாமல் கிடந்தது இதனால்தான். மின்கட்டமைப்புக்கு ஆபத்து துருவத்துக்குக் கிட்ட இருப்பவர்களுக்கே அதிகம்.

செய்தியில் பெரிதாக வருவது இரண்டாவதுதான், சரி, ஆனால் என்னைக் கேட்டால் நம் கடற்கரை கவனிக்க வேண்டியது முதலாவதை. பகலில் ரேடியோ திடீரென்று அடங்கினால், செட்டைக் கழற்றுவதற்கு முன் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.